கழுத்து டாப்ளர்: ரிப்போர்ட்டில் இருப்பதும் இல்லாததும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை டி.எச். ரோட்டில் ஸ்கேன் சென்டர் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. முழு உடல் பரிசோதனை என்று ஒரு தொகை போட்டு, ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்கோ என்று நீளும் பட்டியலில், கொஞ்சம் விலை கூடிய பேக்கேஜில் மட்டும் 'கழுத்து டாப்ளர்', அதாவது கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். என்னத்துக்கு என்று கேட்டால், பக்கவாதம் வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் சார் என்பார்கள்.

அந்த ரோட்டுக்குக் கிழக்கே, காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடித்து வீடு திரும்பிய ஒருவருக்கு, இடது கண் மட்டும் ஐந்து நிமிடம் இருட்டிக்கொண்டு வந்து, பிறகு தெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி தூக்கமில்லை, வெயில், பித்தம் என்று ஒரு காரணம் சொல்லி, ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். கழுத்து ஸ்கேன் யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் அது இவருக்குத்தான். காசு கட்டிப் பேக்கேஜ் எடுக்கிறவருக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. ஒரே சோதனை ஒருவருக்கு உயிர் காப்பதாகவும் இன்னொருவருக்கு வீண் செலவாகவும் எப்படி ஆகிறது?

குரல்வளை மேட்டுக்கு ஒரு பக்கமாக விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி, வலம் ஒன்று, இடம் ஒன்று. (இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்காதீர்கள், மயக்கம் வரலாம்.) குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத் தோலுக்கும் போகிறது. உட்கிளை கழுத்தில் எந்தக் கிளையும் விடாமல் நேரே மண்டைக்குள் ஏறி, முதலில் கண்ணுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு மூளைக்குப் போகிறது. காசிமேட்டுக்காரரின் கண் இருட்டியதற்குக் கழுத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். இடது கரோட்டிட்டில் கோளாறு என்றால் இடது கண் இருட்டும். ஆனால் கை கால் என்று வந்தால் வலப்பக்கம் விழும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் குழறும்.

கிளை பிரியும் அந்த இடம் கொஞ்சம் உப்பலாக இருக்கும். ரத்தம் அங்கே நேராக ஓடாமல், வெளிச்சுவர் ஓரத்தில் தயங்கி, முன்னும் பின்னுமாக அலைகிறது. அப்படி அலையும் இடத்தில்தான் கொழுப்புப் படிவு சேருகிறது. அது குழாயை முழுக்க மூடினால்தான் பக்கவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. படிவின் மேல்பரப்பு கிழிகிறது, அங்கே ரத்தம் உறைகிறது, அந்த உறைவிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையின் சிறு குழாய் ஒன்றை அடைக்கிறது. துணுக்கு சிறியதாக இருந்து தானே கரைந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெரியதாக இருந்தால் ஆகாது. ஆகவே குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதோடு, படிவு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம்.

ஸ்கேன் அறைக்குள் போனால், சுவரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது' என்ற அறிவிப்பு இருக்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மெஷின் இருக்கும் இடமெல்லாம் அது மாட்டியிருக்க வேண்டும், அறுபது வயதுப் பெரியவரின் கழுத்தைப் பார்க்கிற இடமாக இருந்தாலும் சரி. தோளுக்கு அடியில் தலையணை வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்லி, ஜில்லென்று ஜெல் தடவி, ஒலி அலைகளை அனுப்பித் திரும்ப வாங்கும் பட்டையான ஒரு ப்ரோபை வைப்பார்கள். வயிற்று ஸ்கேனுக்கு வைக்கும் வளைந்த ப்ரோப் இதற்கு ஆகாது. தமனி தோலுக்கு வெகு அருகில் இருப்பதால் 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையான உயர்ந்த அதிர்வெண் போதும், படம் கூர்மையாகக் கிடைக்கும். முதலில் கறுப்பு வெள்ளையில் குழாயின் சுவர் தெரியும். பிறகு கலர் போட்டால் ரத்தம் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடும். அந்தச் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. ப்ரோபை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று திசையைக் காட்டுவதற்கு மட்டுமே அந்த நிறம். அதையும் பட்டனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் 'உஷ் உஷ்' என்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் ரத்த ஓட்டத்தின் வேகம், ஒலியாக மாற்றியது. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றிருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்று உயர்ந்தும், தாண்டிய கணத்தில் தணிந்தும் கேட்கும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராக் நகரில் இந்த விளைவை முன்வைத்தபோது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இங்கே ஓடுவது சிவப்பணுக்கள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்பதைக் கொண்டு மெஷின் வேகத்தைக் கணக்குப் போடுகிறது.

வேகம் எதற்கு? ஒரு விநாடிக்கு இவ்வளவு ரத்தம் மேலே போயாக வேண்டும். வழி குறுகினால் அந்த இடத்தை அது வேகமாகக் கடந்தால்தான் கணக்கு சரியாகும். எனவே வேகம் கூடியிருப்பது குறுகலுக்கு அடையாளம். ரிப்போர்ட்டில் 'பிஎஸ்வி' என்று ஒரு எண் இருக்கும். இதயம் சுருங்கும்போது ரத்தம் தொடும் உச்ச வேகம் அது. அமெரிக்க ரேடியாலஜிஸ்டுகள் கூடிப் பேசி 2003-இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் பல இடங்களிலும் பின்பற்றுகிறார்கள். உட்கிளையில் விநாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் குறைவு, படிவும் பெரிதாக இல்லை என்றால் 50 சதவீதக் குறுகல்கூட இல்லை. 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69 சதவீதம். 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல். உட்கிளை வேகத்தைக் கீழே இருக்கும் பொதுத் தமனியின் வேகத்தால் வகுத்து ஒரு விகிதமும் தருவார்கள். அது 4-ஐத் தாண்டினாலும் கடுமையான குறுகல்தான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த எண்ணைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. முதலாவது கோணம். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை ஸ்கேன் செய்கிறவர்தான் திரையில் கோடு போட்டு மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அது 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. உண்மைக் கோணம் 60 டிகிரி, அவர் போட்டது 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். வேகம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 110 இருக்க வேண்டிய இடத்தில் 130 வந்து, ஒன்றுமில்லாத கழுத்து 'மிதமான அடைப்பு' ஆகிவிடும். வரிசையில் முப்பது பேர் காத்திருக்கும் நாளில் இப்படி நடக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இரண்டாவது, இன்னும் ஆபத்தானது. குழாய் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும் நிலையில், வெறும் நூலிழை வழிதான் மிச்சம் என்றால், வேகம் ஏறுவதற்குப் பதிலாக விழுந்துவிடும். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது நார்மலாகத் தெரியும். படத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் பிடிப்பார். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தால் மறுபக்கம் கூடுதல் ரத்தத்தைச் சுமப்பதால் அங்கே வேகம் பொய்யாக உயரும். இதயம் பலவீனமானவருக்கு எல்லா எண்களும் தாழ்ந்திருக்கும். சுண்ணாம்பு படிந்த படிவு ஒலியைத் தடுத்து, தனக்குப் பின்னால் இருப்பதைக் காட்டாமல் நிழல் அடிக்கும்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது சதவீதம். வீட்டில் ரிப்போர்ட்டைப் பிரித்ததும் எல்லோர் கண்ணும் அதில்தான் போய் விழும். "நைனாவுக்கு எழுபத்தஞ்சு பர்சென்ட் பிளாக்காம்" என்று தெரு முழுக்கப் பரவிவிடும். எதில் எழுபத்தைந்து? குழாயின் குறுக்களவில் பாதி போனால் 50 சதவீதம். அதே குறுகலைக் குறுக்குவெட்டுப் பரப்பில் கணக்கிட்டால் 75 சதவீதம் வரும். குறுக்களவில் 70 என்றால் பரப்பில் 91. இரண்டும் ஒரே கழுத்துதான். ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்யும் ஆய்வுகள் குறுக்களவைத்தான் பயன்படுத்தின. ஆகவே ரிப்போர்ட்டில் சதவீதம் பார்த்தால், அது குறுக்களவா பரப்பா என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

இதோடு 'ஐஎம்டி' என்று சுவரின் தடிமனை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 0.9, 1.0 என்றெல்லாம் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. வயது ஏற ஏற அது தடிக்கும். தனிநபரின் ஆபத்தைக் கணிக்க இதை வழக்கமாக அளக்க வேண்டாம் என்று அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2013-லேயே சொல்லிவிட்டன. படிவின் தன்மை பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதைப் படியுங்கள். திரையில் கறுப்பாகத் தெரியும் மெத்தென்ற படிவு கிழியக்கூடியது. வெளுப்பாக, இறுகித் தெரிவது ஒப்பீட்டளவில் சாது.

அறிகுறி வந்தவர், வராதவர் என்ற பிரிவுக்கு வருவோம். கழுத்துத் தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுக்கும் அறுவை 1950-களில் தொடங்கியது. பல ஆண்டுகள் அது பலன் தருகிறதா என்பது தெரியாமலேயே செய்துகொண்டிருந்தார்கள். 1991-இல் 'நாசெட்' என்ற வட அமெரிக்க ஆய்வு விடை தந்தது. கண் இருட்டியது, கை மரத்தது என்று ஏற்கெனவே அறிகுறி வந்து, அந்தப் பக்கத் தமனி 70 முதல் 99 சதவீதம் குறுகியிருந்தவர்களில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கத் தமனியால் பக்கவாதம் வந்தது. அறுவை செய்தவர்களில் 9 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் மிகக் கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறைகிறது என்பதும் பிற்பாடு தெரிந்தது.

அறிகுறியே இல்லாதவர்கள் கதை வேறு. 1995-இல் வந்த 'ஏகாஸ்' ஆய்வில் ஐந்து ஆண்டில் 11 சதவீதம் என்ற ஆபத்து அறுவையால் 5 ஆகக் குறைந்தது. அதாவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் சொச்சம். அந்தப் பலனும், அறுவை செய்கிறவரிடம் பக்கவாதமோ மரணமோ நேரும் விகிதம் 3 சதவீதத்துக்குள் இருந்தால்தான். அது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரவுவதற்கு முந்தைய காலம். 2025 நவம்பரில் வந்த 'கிரெஸ்ட்-2' இன்றைய மருந்துகளோடு ஒப்பிட்டது. அறிகுறி இல்லாமல் 70 சதவீதத்துக்கு மேல் குறுகியவர்களில், ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்த பிரிவில் நான்கு ஆண்டு ஆபத்து 6 சதவீதத்திலிருந்து 2.8 ஆகக் குறைந்தது. அறுவைப் பிரிவில் 5.3-இலிருந்து 3.7 ஆனது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குள்தான். ஸ்டென்ட்காரர்கள் இதைக் கொண்டாடுவார்கள். எனக்கு அதில் பளிச்சென்று தெரிவது இன்னொன்று: ஒன்றும் வைக்காமல், ஒன்றும் வெட்டாமல், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 94 பேர் நான்கு ஆண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

சரி, கண்டுபிடித்து வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறிகுறி இல்லாத 1000 பேரில் 10 பேருக்குக் கடுமையான குறுகல் இருப்பதாகவும், ஸ்கேன் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும். ஆனால் மீதி 990 பேரில் 99 பேருக்கு இல்லாத அடைப்பை இருப்பதாகச் சொல்லும். ஆக 108 பேர் கையில் பயமுறுத்தும் ரிப்போர்ட், அதில் 9 பேருக்குத்தான் அது உண்மை. மற்றவர்களுக்கு அடுத்து என்ன? சாயம் ஏற்றி சிடி ஆஞ்சியோ. சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடும் ஒருவருக்கு அந்தச் சாயமே தொந்தரவு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2007, 2014, 2021 என மூன்று முறை, அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று சொன்னதற்கு இப்படிப்பட்ட கணக்குதான் காரணம். வெறும் தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் கழுத்து டாப்ளர் எடுக்கச் சொல்வது நம் ஊரில் வழக்கம். கரோட்டிட் குறுகல் தலைசுற்றலாக வருவது அபூர்வம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டால் பக்கவாதம் வராது என்ற நிம்மதி. வடசென்னையில் இந்த நிம்மதிக்கு ஆதாரம் இன்னும் குறைவு. கழுத்துத் தமனி குறுகுவது ஐரோப்பியர்களிடம் அதிகம். ஆசியர்களிடம், நம்மையும் சேர்த்து, மண்டைக்குள் இருக்கும் தமனிகள் குறுகுவது அவர்களைவிட அதிகம். கழுத்தில் வைக்கும் ப்ரோபுக்கு அது தெரியாது. நீடித்த பிரஷரால் மூளையின் நுண்குழாய்கள் கெட்டுப்போவதும் தெரியாது. இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கே உறையும் ரத்தமும், மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதும் அதில் வரவே வராது.

அந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது பிரஷர். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் பழைய சோறு இறங்காத வீடுகள் நிறைய. துறைமுகத்திலும் லாரி ஷெட்டிலும் ஷிஃப்ட் வேலை. சட்டைப் பையில் பீடி, இல்லையென்றால் கன்னத்தில் மாவா என்ற புகையிலைப் பாக்கு. பிரஷர் மாத்திரையோ, 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மூன்றாவது மாதம் நின்றுவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண், ஒரு தெருவில் தடுக்கக்கூடிய பக்கவாதங்களின் எண்ணிக்கை எந்த ஸ்கேன் பேக்கேஜையும்விட அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

மாவா என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. வாய்ப்புற்று, தொண்டைப்புற்றுக்குக் கழுத்தில் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள். கதிர்வீச்சு கரோட்டிட் சுவரைக் கெடுத்து, பல ஆண்டுகள் கழித்துக் குறுகலைக் கொண்டுவரும். இவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஸ்கேன் பார்ப்பதா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து டாக்டர் இரைச்சல் கேட்டாலும், பைபாஸ் அறுவைக்கு முன்னாலும் எழுதித் தருவார்கள். ஸ்கேனின்போது கழுத்துக்குப் பின்னால் முதுகெலும்பு வழியே ஏறும் தமனியையும் பார்ப்பது உண்டு. அதில் ரத்தம் தலைகீழாக ஓடினால், கைக்குப் போகும் தமனி அதன் தொடக்கத்தில் அடைத்திருக்கிறது என்று பொருள். இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

காசிமேட்டுக்காரருக்குத் திரும்பினால், அவருக்கு நாட்கணக்கான அவகாசம்கூட இல்லை. நிமிடங்களில் வந்து போன அறிகுறிக்குப் பிறகு பெரிய பக்கவாதம் வருவதாக இருந்தால், முதல் 48 மணி நேரத்தில்தான் ஆபத்து உச்சம். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007-இல் வெளியான 'எக்ஸ்பிரஸ்' ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை தொடங்கியபோது 90 நாளுக்குள் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 ஆகக் குறைந்தது. புதிதாக எந்த அற்புத மருந்தும் அதில் இல்லை. ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, ஸ்டாட்டின், பிரஷர் மருந்து, தேவைப்பட்டால் அறுவை, எல்லாம் பழையவைதான், சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எனவே கண் தெளிந்துவிட்டது, வாய் கோணல் நிமிர்ந்துவிட்டது, கையில் வலு வந்துவிட்டது என்றாலும் அன்றைக்கே போக வேண்டும். போகும் இடம் மூலையிலுள்ள ஸ்கேன் சென்டராக இருக்கக் கூடாது. மூளை சிடி, நரம்பியல் டாக்டர், கழுத்து டாப்ளர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி இருக்கிறது, பெரியவர்களுக்கு இன்னும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அறிகுறி போகாமல் நிற்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை வீட்டில் ஒருவராவது கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காலர் இல்லாத சட்டை போட்டுக்கொண்டால் வசதி, பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே குறுகல் இருப்பது தெரிந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருந்தால் முடிந்தவரை அதே இடத்திலேயே எடுங்கள். மெஷினும் ஆளும் மாறினால், கூடியது குறுகலா, போட்ட கோணமா என்று சொல்ல முடியாமல் போகும். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.